சாலைக் குழு

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த பட்டியலை உஷாராணி இரண்டு முறை படித்தாள். பதினான்கு ஆண்களின் பெயர்கள், படகுக்கு இரண்டு பேராக, ஏழு கனூக்களுக்கு நேரே தட்டச்சாகியிருந்தன. கீழே ஒரு கோடு. கோட்டுக்கு அடியில் 'சாலைக் குழு (மகளிர்)' என்று ஒரு தலைப்பு. அதில் இரண்டே பெயர்கள், அவளுடையதும் வைதேஹியுடையதும். பணி என்ற இடத்தில், வேனில் சிற்றுண்டி, முதலுதவி என்று இருந்தது.

மதிய உணவு இடைவேளை. டெல்லிக் குளிரில், ஜனவரி வெயிலுக்காக ஆபீஸ் முழுவதும் புல்வெளியில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தது. அக்கவுண்ட்ஸ் பிரிவுக்காரர் ஒருவர் அவளைத் தாண்டிப் போகும்போது பட்டியலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பூரியும் ஆலுவும் மறக்காமல் கொண்டுவரச் சொல்லிச் சிரித்தார். நவம்பர் மாதம் முழுக்க யமுனையில் நடந்த பயிற்சியில் ஒரே இடத்தில் வட்டமடித்த மனிதர் அவர். அவருக்குக் கனூ. அவளுக்கு வேன்.

செப்டம்பரில் வந்த சுற்றறிக்கை அவளுக்கு வரிக்கு வரி நினைவிருந்தது. அமைச்சக ஊழியர்களின் பொழுதுபோக்கு மன்றம் அனுப்பியது. பழவேற்காடு ஏரியில் தொடங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் வரை மூன்று நாள் கனூப் பயணம். எல்லா நிலையினரும் கலந்துகொள்ளலாம், முன் அனுபவம் தேவையில்லை, நீச்சல் கட்டாயமில்லை, டெல்லியிலேயே பயிற்சி தரப்படும். கீழே மன்றத் தலைவர் பட்நாகரின் கையெழுத்து. அவர் துணைச் செயலர். சுற்றறிக்கை வந்த அன்றே உஷாராணி பெயர் கொடுத்தாள். கோல் மார்க்கெட் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் அவள். பள்ளிக்கூட நாட்களில் தால்கட்டோரா குளத்தில் நீச்சல் கற்றவள். இப்போது முப்பத்தொன்பது வயது, உதவியாளர் பதவி, மயூர் விஹாரில் வீடு, கணவன் சுரேஷ்குமார், எட்டாம் வகுப்பில் மகள் மேதா. தண்ணீரில் இறங்கி இருபது வருடம் ஆகியிருந்தது.

அவளுக்கு அடுத்ததாகப் பெயர் கொடுத்த பெண் வைதேஹி என்று தெரிந்தபோது ஆபீஸே திரும்பிப் பார்த்தது. வைதேஹி செக்ஷன் ஆபீசர். ஐம்பத்தாறு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஜனக்புரியில் தனியாக இருந்தாள். முப்பத்து மூன்று வருடம் பருத்திப் புடவையைத் தவிர வேறெதிலும் ஆபீசுக்கு வந்ததில்லை. ஹரித்வாரில் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு போட்ட மூன்று முழுக்குதான் அவளுக்கும் ஆற்றுக்கும் இருந்த மொத்தப் பழக்கம். ஏன் வருகிறீர்கள் என்று உஷாராணி கேட்டதற்கு, எல்லா நிலையினரும் என்று போட்டிருக்கிறதே, என் நிலையும் அதில் அடக்கம்தானே என்று பதில் வந்தது.

பயிற்சி நவம்பரிலும் டிசம்பரிலும் ஞாயிறு காலைகளில், வஜீராபாத் அணைக்கு மேலே நடந்தது. அங்கே யமுனை இன்னும் ஆறாகவே இருந்தது. சொல்லிக்கொடுத்தவர் வேலு, ராணுவத்தின் பொறியாளர் படையில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டுவது ஆணா பெண்ணா என்று அவர் பார்க்கவில்லை, படகு நேராகப் போகிறதா என்று மட்டும் பார்த்தார். இரு முனையும் கூர்மையாக, மேல்மூடி இல்லாமல் இருந்த அந்தப் படகில் முன்னால் இருப்பவர் வேகம் கொடுக்க வேண்டும், பின்னால் இருப்பவர் திசை பார்க்க வேண்டும். துடுப்பை இழுத்து முடிக்கும் இடத்தில் மணிக்கட்டை லேசாக வெளியே திருப்பினால் படகு கோணாமல் போகும். உஷாராணிக்கு அது இரண்டாவது வாரமே கைக்கு வந்துவிட்டது. பின் இருக்கையை வேலு அவளுக்கே கொடுத்தார்.

வைதேஹிக்கு எதுவும் சுலபமாக வரவில்லை. கரோல் பாகில் வாங்கிய டிராக் பேண்டுக்கு மேல் முழங்கால் வரை குர்த்தா போட்டுக்கொண்டு, முதல் வாரம் படகில் ஏறுவதற்கே பத்து நிமிடம் எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் வேலு எல்லோரையும் வேண்டுமென்றே கவிழச் சொன்னார். இடுப்பளவு தண்ணீரில் படகைச் சாய்த்து, விழுந்து, லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்து, படகைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆண்களில் ஒன்பது பேருக்கு நீச்சல் தெரியாது. அவர்களில் நான்கு பேர் அன்று ஜலதோஷம் என்று சொல்லிக் கரையிலேயே நின்றார்கள். வைதேஹி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். எழுந்து நின்று கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை பண்ணட்டுமா என்று வேலுவிடம் கேட்டாள்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அந்தப் பட்டியல்.

உஷாராணி நேராக மன்றச் செயலாளர் சிவஞானத்தின் அறைக்குப் போனாள். சிவஞானமும் மயூர் விஹார்காரர். பத்து வருடமாக இருவரும் ஒரே சார்ட்டர்ட் பஸ்ஸில் வந்துபோனார்கள். பொங்கலுக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அவர் அவளைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தனக்கும் வருத்தம்தான் என்றும், ஆனால் இது மேலிடத்து முடிவு என்றும் சொன்னார். வேன் வசதியாக இருக்கும், கடைசி நாள் எண்ணூர் படகுத்துறைக்கு அரை கிலோமீட்டர் முன்னால் இரண்டு பேரையும் கனூவில் ஏற்றிவிடுவார்கள், போட்டோவில் எல்லோரோடும் வந்துவிடலாம்.

"போட்டோவுக்காகவா நான் ரெண்டு மாசம் துடுப்பு போட்டேன், சார்?" என்று கேட்டாள் உஷாராணி.

அவர் பேப்பர் வெயிட்டை நகர்த்திவைத்தார்.

பட்நாகரிடம் வைதேஹியும் சேர்ந்து போனாள். அவர் இருவருக்கும் டீ வரவழைத்தார். மேடம்ஜி, மேடம்ஜி என்று வார்த்தைக்கு வார்த்தை மரியாதை வைத்தார். சுனாமியை எல்லோரும் டிவியில் பார்த்தோம், நீங்கள் எங்கள் பொறுப்பு, ஏதாவது ஒன்று என்றால் உங்கள் வீட்டுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று இந்தியில் நிதானமாகக் கேட்டார். பதினான்கு ஆண்களின் வீட்டுக்கு என்ன பதில் சொல்வதாக இருக்கிறார் என்று உஷாராணி கேட்டாள். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வைதேஹி டீயைத் தொடவில்லை. பெண்கள் படகில் ஏறக்கூடாது என்று எழுத்தில் ஓர் உத்தரவு கொடுத்தால் போதும், தான் பேசாமல் போய்விடுவதாகச் சொன்னாள். எழுதுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்றார் பட்நாகர்.

இருவரும் வெளியே வந்தார்கள். உஷாராணி தன்னைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும் என்றாள் வைதேஹி. அவளுக்கு நன்றாக ஓட்டத் தெரியும், வேலு சிபாரிசு செய்தால் ஒரு இடம் கிடைக்கும், இந்தக் கிழவிக்காக அதைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். உஷாராணி மறுத்துவிட்டாள். எல்லா நிலையினரும் என்று அறிவித்துவிட்டு, நன்றாகத் தெரிந்த பெண்ணை மட்டும் சேர்த்துக்கொண்டால் அது அவளுக்குக் கிடைக்கும் சலுகை. வட்டமடிக்கிற ஆணுக்கு இருக்கிற உரிமை, மெதுவாகத் துடுப்பு போடுகிற பெண்ணுக்கும் உண்டு என்றாள்.  வைதேஹி சொன்னாள்:

"சரி. ஃபைலைப் பார்ப்போம். முப்பத்து மூணு வருஷத்துல நான் பார்த்த வரைக்கும், சர்க்கார்ல ஒருத்தரும் தானா எதையும் முடிவு பண்ண மாட்டா. யாரோ எழுதியிருப்பா, அதுக்குக் கீழ ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருப்பா."

சிவஞானம் ஃபைலைக் கொடுக்கத் தயங்கினார். அது மன்றத்தின் உள்விஷயம் என்றார். வைதேஹி குரலை உயர்த்தவில்லை.

"அக்டோபர்ல தகவல் உரிமைன்னு புதுச் சட்டம் வந்திருக்கு, தெரியுமோ இல்லையோ. பத்து ரூபாயைக் கட்டிக் கேட்டேன்னா முப்பது நாள்ல குடுத்தாகணும். எங்கிட்ட முப்பது நாள் இல்லை. அதனால இப்பவே காட்டிடுங்கோ."

மறுநாள் காலை ஃபைல் அவள் மேஜைக்கு வந்தது. கொண்டுவந்த பியூன், சிவஞானம் சாருக்கு உடம்பு சரியில்லை, லீவு என்றான். அறைக்கதவைச் சாத்திவிட்டு, ஹீட்டருக்குப் பக்கத்தில் இருவரும் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். பஸ் வாடகை, லைஃப் ஜாக்கெட் எண்ணிக்கை, தங்குமிடம். ஏழாவது பத்தியில் சிவஞானத்தின் குண்டு எழுத்து. கலந்துகொள்ளும் பெண் ஒருவரின் குடும்பத்தார், 2004-ஆம் ஆண்டுச் சுனாமியைக் கருத்தில் கொண்டு அவரைப் படகில் ஏற்ற வேண்டாம் என்று வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருவரை நிறுத்திவிட்டு மற்றவரை அனுமதிப்பது சரியாக இருக்காது என்பதால், பெண்கள் இருவரையுமே சாலைக் குழுவில் வைக்கலாம். கீழே பட்நாகரின் ஒற்றை எழுத்துக் கையொப்பம்.

உஷாராணி அதை முடிக்குமுன் வைதேஹி முடித்துவிட்டிருந்தாள். ஃபைலை மெதுவாக மூடினாள்.

"எனக்காகப் போய்ப் பேசறதுக்கு ஒருத்தரும் கிடையாது, உஷா. இருக்கறது ஒரே அண்ணா, வைத்தி. நான் போற விஷயமே அவனுக்குத் தெரியாது."

 உஷாராணிக்கு முகம் சுட்டது. இரண்டு நாளாக யார் மேலெல்லாமோ கோபப்பட்டுத் தீர்த்திருந்தாள். ஆள் அவள் வீட்டிலேயே இருந்திருக்கிறான். அவளை நிறுத்தியது மட்டும் இல்லை, அவளால்தான் வைதேஹியும் நிறுத்தப்பட்டிருந்தாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனபோது சுரேஷ்குமார் டைனிங் டேபிளில் மேதாவுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் பொறியாளர், குரல் உயர்த்திப் பேசாத மனிதன். சொந்த ஊர் கடலூர். மேதாவைக் கீழே விளையாடப் போகச் சொல்லிவிட்டு, கைப்பையைக்கூட இறக்கிவைக்காமல் உஷாராணி கேட்டாள்.

"சிவஞானம் சார்கிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் மறுக்கவில்லை. மேதாவின் பென்சிலை எடுத்துப் பெட்டியில் வைத்தான்.

"பாத்துக்கோங்கன்னு சொன்னேன். முடிஞ்சா போட்ல ஏத்தாதீங்கன்னு சொன்னேன்."

"எப்போ?"

"டிசம்பர்ல. பயமா இருந்துச்சு உஷா."

"அதை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீ நிப்பியா?"

"நிக்க மாட்டேன். நிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதான் எனக்குத் தெரியாம போயிருக்கீங்க. உங்க பயத்துக்கு ஆபீஸ் ஸ்டாம்ப் குத்தி வாங்கிட்டு வந்திருக்கீங்க. இப்ப அது ஃபைல்ல இருக்கு. நாளைக்கு எந்தப் பொண்ணு பேர் குடுத்தாலும் அதை எடுத்துக் காட்டுவாங்க."

தான் அதை அப்படி யோசிக்கவில்லை என்றான் அவன். ஒரு நண்பரிடம் பேசியது இப்படி எழுத்தாகும் என்று தெரியாது. வைதேஹியையும் சேர்த்து நிறுத்துவார்கள் என்றும் தெரியாது. தெரியாது, தெரியாது என்று அவன் சொல்லச் சொல்ல உஷாராணிக்கு ஆத்திரம்தான் ஏறியது. அந்த வேண்டுகோளைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னாள். அவன் தாளை எடுத்தான். பேனாவையும் எடுத்தான். பதினைந்து நிமிடம் கழித்து அவள் சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது தாள் வெறுமையாக இருந்தது.

"எழுத முடியலை. நீ போறதுக்கு நான் கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்."

"உங்களை யாரும் அனுமதி கேக்கலை," என்றாள் அவள். அன்றிலிருந்து கிளம்பும் நாள் வரை, மேதாவுக்கு டிபன் கட்டியாயிற்றா, கேஸ் புக் பண்ணியாயிற்றா என்பதைத் தவிர இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாள் இரண்டு கடிதங்கள் பட்நாகருக்குப் போயின. தன் சார்பில் வேண்டுகோள் வைக்கத் தன் குடும்பத்தில் யாருக்கும் தான் அதிகாரம் கொடுக்கவில்லை என்று உஷாராணி நான்கு வரியில் எழுதியிருந்தாள். வைதேஹியின் கடிதம் இரண்டு பக்கம். தனக்காக யாரும் எதுவும் கேட்காத நிலையில் தன்னை எந்த விதியின் கீழ் நீக்கினார்கள் என்றும், சுற்றறிக்கையில் இருக்கும் 'எல்லா' என்ற சொல்லுக்கு மன்றம் என்ன பொருள் கொள்கிறது என்றும் எண்ணிட்டுக் கேட்டிருந்தாள். எழுத்துமூலம் பதில் வேண்டும் என்று கடைசியில் அடிக்கோடு.

மூன்று நாள் எந்தச் சத்தமும் இல்லை. நான்காம் நாள், இருவரும் போகலாம், ஆனால் எது நேர்ந்தாலும் மன்றம் பொறுப்பல்ல என்று உறுதிப்பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று வாய்வழியாகச் செய்தி வந்தது. ஆண்களும் போடுகிறார்களா என்று வைதேஹி கேட்டனுப்பினாள். இல்லை. அப்படியானால் தாங்களும் போட மாட்டோம், பதினாறு பேரும் போட்டால் முதல் கையெழுத்து தங்களுடையது என்றாள். முடிவில் பதினாறு பேரும் போட வேண்டியதாயிற்று. இரண்டு பெண்களால் வீண் தொல்லை என்று ஆண்கள் லிஃப்டில் உஷாராணியின் காதுபடப் பேசினார்கள். அக்கவுண்ட்ஸ்காரரின் மனைவி அந்தப் பத்திரத்தைப் பார்த்துவிட்டு ஒரு நாள் முழுக்க அழுதாளாம். அதற்கும் உஷாராணிதான் காரணம் என்றார்கள்.

பிப்ரவரி முதல் வாரம் ரயில் ஏறினார்கள். சுரேஷ்குமார் அவள் பையைத் தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தான். போய்விட்டு வா என்று சொன்னான். அவள் தலையை மட்டும் அசைத்தாள்.

பழவேற்காட்டில் முதல் நாள் காற்றே இல்லை. ஏரி கண்ணுக்கெட்டிய தூரம் வரை தட்டையாகக் கிடந்தது. பல இடங்களில் முழங்கால் ஆழம்கூட இல்லை, துடுப்பு சேற்றைத் தொட்டது. தொலைவில் பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. கால்வாய்க்குள் நுழையும் இடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள் மார்பளவு தண்ணீரில் குனிந்து, பனையோலைக் கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்தபடி, கையாலேயே இறால் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வைதேஹியை விட மூத்தவர்களும் இருந்தார்கள். டெல்லி ஆண்கள் அவர்களைப் படம் எடுத்தார்கள். இவர்களுக்கு யார் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள் என்று முன் இருக்கையிலிருந்த வைதேஹி திரும்பாமலே கேட்டாள். உஷாராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

எட்டுக் கனூக்களில் அவர்களுடையது கடைசியாகவே வந்தது. முதல் நாள் இருபது நிமிடம் பின்தங்கினார்கள். சிவஞானம் வேனில் வந்தார். சாலைக் குழுவில் இப்போது அவர் ஒருவர்தான். சாலை தண்ணீரைத் தொடும் இடங்களில் எல்லாம் வாழைப்பழச் சீப்போடும் தண்ணீர் கேனோடும் நின்றார். உஷாராணி அவரிடம் பழம் வாங்கிக்கொண்டாள், பேசவில்லை.

இரண்டாம் நாள் மதியத்துக்குப் பிறகு கடலிலிருந்து காற்று எழுந்தது. நேரெதிர்க் காற்று. பத்துத் துடுப்பு போட்டால் நான்கு துடுப்பின் தூரம்தான் நகர முடிந்தது. வைதேஹியின் உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்திருந்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு இழுத்தாள். கழுத்து வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. மற்றப் படகுகள் கண்ணுக்கே தெரியவில்லை. வழிகாட்டியாக வந்திருந்த வேலு மட்டும் தன் தனிப் படகைத் திருப்பிக்கொண்டு இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். அவசரமில்லை, இருட்டுமுன் வந்தால் போதும் என்றார்.

நான்கு மணி இருக்கும். முன்னால் ஒரு பாலம் தெரிந்தது. பாலத்தின் மேல் வேன் நின்றது, பக்கத்தில் சிவஞானம். வைதேஹியின் முதுகு ஒவ்வொரு இழுப்புக்கும் கோணுவதை உஷாராணி பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த வயதில் இந்த அம்மாளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ற நினைப்பு வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. வேலுவை முன்னால் உட்காரவைத்தால் அரை மணியில் மற்றவர்களைப் பிடித்துவிடலாம். அவள் துடுப்பை மடியில் வைத்துவிட்டு, கையை உயர்த்தி, சிவஞானத்தைக் கீழே இறங்கி வரும்படி ஜாடை காட்டினாள்.

படகின் வேகம் குறைந்ததை உணர்ந்து வைதேஹி திரும்பினாள். உயர்ந்திருந்த கையைப் பார்த்தாள். பாலத்தைப் பார்த்தாள்.

"யாருக்காக வேனைக் கூப்பிடறே?"

"மேடம், உங்க கை..."

"என் கையைப் பத்தி நான் உங்கிட்ட ஏதாவது சொன்னேனா?"

"இல்ல, ஆனா..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா, உஷா? கேட்டிருந்தா, முடியலைன்னாகூட சொல்லியிருப்பேன். கேக்காம கையைத் தூக்கறே. உங்காத்துக்காரர் பண்ணினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?"

படகு காற்றில் பக்கவாட்டில் திரும்பி நாணலில் போய் முட்டியது. உஷாராணி கையை இறக்கிக்கொண்டாள்.  கரைக்கு இறங்கிவந்த சிவஞானம் வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, யாரை ஏற்ற வேண்டும் என்று கேட்டார்.

"யாரையும் இல்லை. தண்ணி மட்டும் குடுங்கோ," என்றாள் வைதேஹி.

தண்ணீர் குடித்தார்கள். உஷாராணி மன்னிப்புக் கேட்டாள். அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம், இப்போது படகை நேராக்கு என்றாள் வைதேஹி. அடுத்த இரண்டு மணி நேரம் அவர்கள் பேசிக்கொண்டது, வலது, இடது, கொஞ்சம் நிறுத்து என்பது மட்டும்தான். அன்றிரவு தங்கும் இடத்தை அவர்கள் அடைந்தபோது சூரியன் விழுந்துகொண்டிருந்தது. ஆண்கள் டீ குடித்து முடித்திருந்தார்கள். யாரும் கைதட்டவில்லை. வேலு மட்டும் இறங்கிவந்து படகின் முனையைப் பிடித்து இழுத்துப்போட்டார். வைதேஹியின் கைக்குத் தானே மருந்து போட்டுக் கட்டினார். மறுநாள் ஓட்ட முடியுமா என்று அவளிடமே கேட்டார். மதியம் வரை முடியும், அதற்குப் பிறகு பார்த்துச் சொல்கிறேன் என்றாள் அவள்.

மூன்றாம் நாள் அவள் முழுவதும் ஓட்டினாள். எண்ணூரில் அவர்கள் கரையேறியபோது போட்டோ எடுத்து முடித்துப் பேனரைச் சுருட்டிவிட்டிருந்தார்கள்.

டெல்லிக்குத் திரும்பிய இரவு, மேதா தூங்கிய பிறகு, உஷாராணி கணவன் எதிரில் உட்கார்ந்தாள். பாலத்தடியில் தான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். எவ்வளவு சுலபமாகக் கை உயர்ந்துவிட்டது என்றும் சொன்னாள். பிறகு, சுனாமி சமயத்தில் கடலூரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். சுனாமி வந்த வாரம் அவன் கடலூர் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வந்திருந்தான். அதைப் பற்றி ஒரு வருடமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. இப்போது சொன்னான். கூடப் படித்தவன் ஒருவனை ஆஸ்பத்திரி வராந்தாவில் தேடியது, வரிசையாகக் கிடத்தியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகத் துணி விலக்கிப் பார்த்தது, கடைசியில் சட்டையை வைத்து அடையாளம் சொன்னது. அதற்குப் பிறகு தண்ணீர் என்று யார் சொன்னாலும் அந்த வராந்தாதான் வருகிறது என்றான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை டிசம்பர்ல எங்கிட்ட சொல்லியிருந்தா, நாம ரெண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கலாம்," என்றாள். "நீங்க சிவஞானம் சார்கிட்ட போனது தப்புதான். அது மாறாது. எனக்குப் பண்ணினதை வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்கலாம். வைதேஹி மேடத்துக்குப் பண்ணினதுக்கு நீங்கதான் போய்ப் பேசணும்."

அடுத்த ஞாயிறு இருவரும் இரண்டு பஸ் மாறி ஜனக்புரிக்குப் போனார்கள். வைதேஹி கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, காபி கொண்டுவந்து வைத்தாள். கைக்கட்டு பிரித்தாகியிருந்தது, உள்ளங்கையில் புதுத்தோல் பளபளத்தது. சுரேஷ்குமார் பேச வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னான். தன்னால் அவர் பட்ட அவமானத்துக்கு மன்னிக்க வேண்டும் என்றான்.

வைதேஹி கேட்டுக்கொண்டாள்.

"நீங்க வந்து சொன்னது பெரிய விஷயம். மன்னிச்சுட்டேன்னு இப்பவே சொன்னா அது பொய். கொஞ்ச நாள் ஆகட்டும். காபி ஆறிப்போறது, எடுத்துக்கோங்கோ."

அந்த வருடம் செப்டம்பரில் அடுத்த சுற்றறிக்கை வந்தது. இந்த முறை கேரளத்துக் காயல்கள், நான்கு நாள். எல்லா நிலையினரும் கலந்துகொள்ளலாம். அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. பெண் ஊழியர்கள் குடும்பத்தாரின் ஒப்புதல் கடிதத்தை விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். உஷாராணி அந்த வரியை இரண்டு முறை படித்தாள். ஃபைலில் இருந்த ஏழாவது பத்தி இப்போது விதியாகிவிட்டிருந்தது.

வீட்டில் சுரேஷ்குமார் அதைப் படித்துவிட்டு, தான் உடனே எழுதித் தருவதாகச் சொன்னான். இந்த முறை அவன் கை தயங்காது என்று அவளுக்குத் தெரிந்தது. வேண்டாம் என்றாள். அவன் கையெழுத்துப் போட்டால் அந்த வரி சரி என்று ஆகிவிடும்.

காலையில் வைதேஹியின் அறையில் இருவரும் விண்ணப்பத்தை நிரப்பினார்கள். ஒப்புதல் கடிதம் என்ற கட்டத்தில் உஷாராணி, 'எனக்கு வயது நாற்பது' என்று எழுதினாள். வைதேஹி யோசித்துவிட்டு, தன் கட்டத்தில் வெறுமனே ஒரு கோடு போட்டாள். அன்று மாலைக்குள் ஆவணப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள், வைதேஹி எப்படி நிரப்பினாள் என்று பார்க்க வந்தார்கள். அவர்களும் கோடு போட்டார்கள்.

நான்கு விண்ணப்பங்களையும் உஷாராணியே சிவஞானத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அந்தக் கட்டங்களைப் பார்த்தார். ஒன்றையும் திருப்பித் தராமல் வாங்கிவைத்து, தேதி முத்திரை குத்தி, நான்கு பேருக்கும் ரசீது எழுதித் தந்தார்.